கேம்தானே என்று சிரித்தவர்களுக்கு

வேலையிலிருந்து என்னை வழியனுப்பிய அன்று கடையில் சால்வை போர்த்தினார்கள், கேக் வெட்டினார்கள், காகிதத் தட்டில் மிக்சர் கொடுத்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு முதலாளியின் மகன் எழுந்து, இனிமேல் ஊரில் இருக்கிறவர்களின் கேம் எல்லாம் யார் பார்ப்பார்கள், செல்வி மேடம் போய்விட்டால் பிள்ளைகள் அழுமே என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சர்வர் பார்க்கிறவன் சிரித்தான், பிரிண்டர் பார்க்கிறவன் சிரித்தான், நேற்றுச் சேர்ந்து இன்னும் ஸ்க்ரூ டிரைவரை நேராகப் பிடிக்கத் தெரியாதவன்கூடச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கேக்கைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இது. இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலையை விட்டு வந்த கையோடு கடையில் வீட்டுக்குப் போகிற சர்வீஸை நிறுத்திவிட்டார்களாம். இப்போது வாடிக்கையாளர் போன் செய்தால், எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் நெட் வழியாக உள்ளே நுழைந்து, குப்பை கூட்டும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டு, "சரியாயிடுச்சா சார்?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விடுகிறான். சரியாகவில்லை என்றால், திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டைப் புதுசாக வாங்கச் சொல்கிறான். கடைப் பையன்கள் இரண்டு பேர் எனக்குப் போன் செய்து, மேடம், வீடு வீடாகப் போய் அப்படி என்னதான் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். கேலியாகக் கேட்டார்களா, மெய்யாகக் கேட்டார்களா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது பெரிய கதை இல்லை. மயிலாப்பூரில் டைப்ரைட்டிங் படித்தேன். அந்த இன்ஸ்டிட்யூட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, வந்த வேகத்தில் கெட்டுப்போனது, எல்லோரும் கும்பிட்டுத் தள்ளி நின்றபோது திறந்து பார்த்தவள் நான். பிறகு ஹார்டுவேர் டிப்ளமா. பிறகு தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில், முதல் மாடியில் இருக்கும் இந்தக் கடை. ஜவுளிப் பை தூக்கிய கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டுதான் வாசலுக்கே வர முடியும். படி செங்குத்து. கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் மட்டும்தான். இந்தப் படியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் நெட்வொர்க், ஆடிட்டர் வீட்டு சர்வர், இதெல்லாம் ஆம்பளைகளுக்கு. கேம் நின்று நின்று போகிறது என்று ஒரு வீட்டிலிருந்து போன் வந்தால் எனக்கு. நான் கேட்டு வாங்கவில்லை. மட்டமான வேலை என்று என் பக்கம் தள்ளினார்கள். தள்ளின தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது. கதவைத் திறக்கிறவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, சர்வீஸ் ஆள் வரலையா என்பார்கள். வந்தாச்சு, வழி விடுங்க என்று உள்ளே போய்விடுவேன்.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு டெஸ்டர். அவர் கத்தி நான் கேட்டதில்லை. பேரம் பேசவும் மாட்டார். வந்தவர் கேம் ஸ்லோவாக இருக்கிறது என்று வாயைத் திறந்ததும் எழுந்து போவார். அலமாரியிலிருந்து ஒரு கிராபிக்ஸ் கார்டு பெட்டியை எடுத்து வருவார். கண்ணாடி மேசையில், பெட்டியின் படம் அவர்கள் பக்கம் தெரியும்படி வைப்பார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வராது. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அவர்களே பர்ஸைத் திறந்துவிடுவார்கள். வீட்டு சர்வீஸுக்குக் கிளம்புகிறவர்களுக்கும் அதே விதிதான். "பெட்டிய எடுத்துக்கிட்டியாம்மா? பையில கெடக்கட்டும், அது என்ன சோறா கேக்கு?" என்பார். போன வீட்டில் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் பெட்டியை எடுத்து மேசையில் வைக்க வேண்டும். எல்லோரும் வைத்தார்கள். நான் பையில் சுமந்துகொண்டு போவேன், அப்படியே சுமந்துகொண்டு வருவேன்.

அண்ணாச்சி ஏமாற்றுக்காரர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புதுசு போட்டால் சரியாகிவிடும் என்று அவர் மனசார நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் போய்விட்டது. கார் ரேஸ் விளையாடுகிற வக்கீல் அம்மாள் ஒருவர். எங்கள் கடையிலேயே பெரிய கார்டு வாங்கிப் போட்டும் கார் நகரவில்லை என்று கடுப்பில் இருந்தார். பின்னால் குனிந்து பார்த்தேன். கார்டை மாட்டின எங்கள் ஆள் திரையின் வயரை மட்டும் பழைய துளையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். புது மாப்பிள்ளையை மாடியில் உட்காரவைத்துவிட்டுக் கீழே பந்தி நடத்தின கதைதான். வயரை உருவிப் பக்கத்துத் துளையில் செருகினேன். கார் பறந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் சிரித்தோம். அன்றிலிருந்து யார் பெட்டியை நீட்டினாலும் முதலில் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

என் முறை இதுதான். போனவுடன் எதையும் திறக்க மாட்டேன். விளையாடுங்க என்பேன். அவர்களுக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் உட்காருவேன். திரையைப் பார்க்க மாட்டேன், கையைப் பார்ப்பேன். காது ஃபேன் சத்தத்தில் இருக்கும். புறங்கையைக் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம், சூடான காற்று வெளியே வரும் இடத்தில் வைத்திருப்பேன். ஆட்டம் திக்கும் நேரத்தில் சத்தம் ஏறுகிறதா, சூடு ஏறுகிறதா, இரண்டும் இல்லையா. இரண்டும் இல்லை என்றால் உள்ளே வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக் கல்யாண வீடியோ பின்னணியில் ஏறிக்கொண்டிருக்கும், வைரஸ் தேடுகிற மென்பொருள் தேடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தினால் போதும். அடுத்தது நிழல். கேமில் மரத்துக்கு நிழல், ஆளுக்கு நிழல், கம்பத்துக்கு நிழல் என்று வரைந்து வரைந்தே கார்டு களைத்துவிடும். நிழலைக் குறைத்தால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள், ஆட்டம் லேசாகிவிடும். கடைசியாக வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு கட்டுவேன். நொடிக்கு இத்தனை படம் என்று ஒரு எண் வரும். அந்த எண் பெரிதாக வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஏறி ஏறி விழுகிற பெரிய எண்ணைவிட ஆடாத சின்ன எண்தான் நல்லது என்று நான் சண்டை போடுவேன். பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். விளையாடிப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொள்வார்கள்.

இனி தேவராஜ்.

மேகலா என்ற பெண் கடைக்குப் போன் செய்தாள். தரமணியில் ஐ.டி. கம்பெனியில் வேலை. அப்பாவின் கம்ப்யூட்டர், பஸ் ஓட்டுகிற கேம், திருப்பம் வந்தால் நின்றுவிடுகிறது என்றாள். அப்பா விளையாடுகிற கேமா என்று எங்கள் ஆட்கள் கண்ணடித்துக்கொண்டார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு வீடு, தரைத்தளம். ஒரே கூடம், அதை ஒட்டி அடுப்படி. தேவராஜ் மாநகர பஸ் டிரைவராக இருந்தவர். சர்க்கரை வியாதியில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலையில் இருந்தவரை ஒரு ஆளைக்கூட இடித்ததில்லை என்பது அவருடைய பெருமை, அந்தத் தெருவுக்கே தெரிந்த பெருமை. அவர் மனைவி கஸ்தூரி ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிறவர். வாசலிலேயே என்னை நிறுத்திவைத்துக் குரலை இறக்கிச் சொன்னார். கால் போன பிறகு மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தாராம். மேகலா தன்னுடன் வேலை செய்கிறவரிடம் ஒரு பழைய கம்ப்யூட்டரையும், ஸ்டியரிங்கையும், இரண்டு பெடலையும் வாங்கிவந்து வைத்தாள். யாரோ ஒரு புண்ணியவான் நம் ஊர் பஸ்ஸை அந்த கேமில் வரைந்து ஏற்றியிருக்கிறான். "அத்த பாத்தப்புறம்தாம்மா எய்ந்து குந்தினாரு" என்றார் கஸ்தூரி.

இப்போது மறுபடியும் ஓட்ட மாட்டேன் என்கிறாராம். திருப்பத்தில் பஸ் பிளாட்பாரத்தில் ஏறுகிறது. கம்ப்யூட்டர் பழசு என்று மகள் சொன்னால் கேட்பதில்லை. தன் கைதான் போய்விட்டது என்கிறார். ஆஸ்பத்திரியில் செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் போகவில்லை. "கையே பூடுச்சு, காலு இன்னாத்துக்கு?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஓட்டுங்க, பார்க்கிறேன் என்றேன். நீயே ஓட்டிப் பாரு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி என்று உட்கார்ந்தேன். எனக்கு ஸ்கூட்டர்தான் தெரியும். டிப்போவை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு கம்பத்தைச் சாய்த்து, ஒரு கடைக்குள் பாதி பஸ்ஸைச் செருகிவிட்டேன். அந்த மனுஷனால் எவ்வளவு நேரம் பொறுக்க முடியும். "எய்ந்திரும்மா, வண்டிய நாசம் பண்ணிடுவ போலகீது" என்று அக்குள் கட்டையை ஊன்றி வந்து உட்கார்ந்தார்.

அவர் ஓட்ட ஆரம்பித்ததும் நான் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கவில்லை. உள்ளங்கை மேலே படர்ந்து அதை உருட்டியது. திருப்பம் வருவதற்கு முன்பே திரையில் தெரியும் பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிடுவார். நல்லாத்தான் போனது. போகப் போக ஃபேன் சத்தம் ஏறியது, என் புறங்கை சுட்டது. அடுத்த திருப்பத்தில் கை திரும்பிவிட்டது, படம் திரும்பவில்லை. ஒரு இமைப்பு நின்று, தாவி, பஸ் பிளாட்பாரத்தில் ஏறியது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாத்தியா என்றார்.

பெட்டியைத் திறந்தேன். கார்டின் சூட்டை இறக்குவதற்குத் தகடுகள் வரிசையாக இருக்கும், நடுவில் காற்று போக இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி முழுக்கப் பழுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு படலம், அதன்மேல் தூசி. காற்றடிக்கும் ப்ளோயர் வைத்தால் தூசி போனது, படலம் அசையவில்லை. அடுப்படி பக்கத்தில் இருக்கிறதே, தாளிப்புப் புகைதான் என்று முடிவு செய்தேன். சர்க்யூட் துடைக்கிற ஸ்பிரிட்டில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தகடு தகடாகத் தேய்த்து எடுத்தேன். கார்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்துகிற பழைய பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு வைத்தேன். நிழலைக் குறைத்தேன், வேகத்துக்கு வரம்பு கட்டினேன். பெட்டியை அடுப்படிச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றலாம் என்றேன். சாமி படத்துக்குக் கீழே வைத்தால் நல்லது என்றார் கஸ்தூரி. நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன்.

பஸ் சும்மா வழுக்கிக்கொண்டு போனது. தேவராஜ் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மனைவியிடம் எனக்கு டீ போடச் சொன்னார். நான் கடைக்குத் திரும்பினேன். அண்ணாச்சி என் பையைப் பார்த்தார், பெட்டி உள்ளேயே இருப்பதைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார்.

சில வாரத்தில் மேகலா மறுபடியும் போன் செய்தாள். இந்தத் தடவை கம்ப்யூட்டரைப் பற்றி அவள் ஆரம்பிக்கவில்லை. அப்பா மறுபடியும் படுத்துட்டார் மேடம் என்றாள். பஸ் பழையபடி முட்டுகிறதாம். அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். "மிஷின அந்தம்மா சரி பண்ணிட்டுப் போச்சு. அப்ப தப்பு மிஷினு மேல இல்ல, என் மேலதான்."

என் வேலையையே அவர் தனக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை அளவெடுக்க மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள், இந்தத் தடவையும் போகாவிட்டால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும், அப்புறம் கால் பொருத்துவது கஷ்டம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வேண்டுமானால் தவணையில் புதுக் கார்டு வாங்கிக்கொள்கிறேன் என்றும் மேகலா சொன்னாள். அது அண்ணாச்சி காதில் விழுந்துவிட்டது.

எழுந்து போனார். பெட்டியை எடுத்து வந்தார். கண்ணாடி மேசையில், படம் என் பக்கம் தெரியும்படி வைத்தார். ஃபேனைப் பார்த்தார். வாடிக்கையாளருக்குச் செய்வதை எனக்கே செய்தார். சும்மா இருக்க அவருக்கு மட்டும்தான் தெரியுமா? நானும் ஃபேனைப் பார்த்தேன். கடைசியில் அவர்தான் பேசினார். "அந்தப் பிள்ளையே வாங்குதேங்கு. கொண்டுபோய் மாட்டிட்டு வா. சோலி முடிஞ்சுது."

"புதுக் கார்டும் அந்த வீட்டுக் காத்தைத்தானே அண்ணாச்சி குடிக்கும்? எது அடைக்குதுன்னு தெரியாம மாட்டினா அதுவும் அடைச்சுக்கும். மூணாவது தடவை அந்த மனுஷன் எந்திரிக்கவே மாட்டார்."

"நீ போயும் சரியாவலைன்னா?"

"நாளையிலேர்ந்து என்னைப் பில் போட உட்கார வெச்சிடுங்க. வாயைத் திறக்க மாட்டேன்."

பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினேன். பில் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்து செத்துப்போகிற ரகம் இல்லை நான். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. தேவராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தேன். அதே பழுப்புப் படலம், முன்னைவிட மோசம். அடுப்படி இப்போது எட்டத்தில் இருக்கிறது, பிறகு எங்கிருந்து வந்தது? நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். தெரிந்த வாசனை. ஆனால் அந்த வீடு முழுக்கவே அந்த வாசனைதான், பிரித்துச் சொல்ல முடியவில்லை. துடைக்கவில்லை. மூடினேன், கேமை ஓடவிட்டேன், ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். இந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்க்காமல் எழுந்திருப்பதில்லை என்று தீர்மானம். நெட் வழியாக வந்து போகிறவனுக்கு இந்தத் தீர்மானம் எடுக்க முடியுமா, சொல்லுங்கள்.

சாயங்காலம் கஸ்தூரி வேலையிலிருந்து வந்தார். குளித்தார். விளக்கேற்றினார். தூபக்காலில் கரி கனிந்ததும் சாம்பிராணியைத் தூவினார். சாமிக்குக் காட்டினார், மூலைக்கு மூலை காட்டினார், ஸ்டியரிங்குக்குக் காட்டினார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, முன்பக்கத்து வலைக்கு நேராகத் தூபக்காலைப் பிடித்துக்கொண்டு முந்தானையால் விசிறினார். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு இழை புகைகூட வெளியே தப்பவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எப்டி இஸ்துக்குது பாரும்மா. சாமிகூட இப்டி இஸ்துக்காது" என்றார்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டேன். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும்தானாம். பஸ் முட்ட ஆரம்பித்த பிறகு தினமும். நான் சரிசெய்து மறுபடியும் முட்டியதும் காலையிலும் மாலையிலும். போகிற வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள், கண்ணு பட்டுவிட்டது என்றார். வண்டி திக்கத் திக்க இவர் அதிகமாகக் காட்ட, காட்டக் காட்ட அது அதிகமாகத் திக்கியிருக்கிறது. புருஷனைப் படுக்கையிலிருந்து எழுப்பின தெய்வம் என்று அந்தப் பெட்டியைக் கும்பிட்டவர். உங்கள் வேண்டுதல்தான் அதை அடைக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

கம்ப்யூட்டரை அணைத்தேன். கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு தேவராஜ் படுத்திருந்த பாயருகே போனேன். இது எப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்க என்று கையில் திணித்தேன். திரும்பாமலே கட்டைவிரலால் தடவினார். விரலோடு விரல் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு திரும்பினார்.

"ஏர் ஃபில்டர் அடைச்சாமாதிரி கீது. எதும்மா இது?"

இதுதான் படத்தை வரையும் கார்டு என்றேன். காற்று எந்தப் பக்கமாக உள்ளே வருகிறது என்று கேட்டார். முன்பக்கத்து வலையைக் காட்டினேன். அவர் வலையைப் பார்த்தார். கஸ்தூரி கையிலிருந்த தூபக்காலைப் பார்த்தார். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"கஸ்தூரி, இம்மா வருசம் வண்டிக்குப் பூசை போட்டுக்கிறேன், நீயும் டிப்போவுல வந்து பாத்துக்கிற. எஞ்சின் ஓடறப்ப எவனாச்சும் சாம்பிராணி காட்டுவானா?"

கஸ்தூரி தூபக்காலைக் கீழே வைத்தார். "நான்தான் கெடுத்துட்டனா?" என்றார்.

"நீ இன்னாத்த கெடுத்த. ஆஃப் பண்ணிட்டுக் காட்டு, மேல துணியப் போட்டுக் காட்டு. எஞ்சின் சத்தம் கேட்டாதான் சாமி வருமா?"

நான் சொல்லியிருந்தால் அது குற்றச்சாட்டு ஆகியிருக்கும். அவர் சொன்னதால் டிப்போ சட்டம் ஆகிவிட்டது. கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் எனக்கு அது போதாது. மிஷின் அடைத்தது என்று ஒப்புக்கொண்டவர், கை நல்ல கைதான் என்று ஒப்புக்கொண்டாரா? துடைப்பதற்கு முன்னால் அழுக்குக் கார்டையே மறுபடியும் மாட்டினேன். ஒரு தடவை ஓட்டுங்க என்றேன். ஓட்டினார். அவர் கையும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி என் போனில் மெதுவான வேகத்தில் படம் பிடித்தேன். அது சூடேறித் திக்கி, பஸ் முட்டும்வரை பிடித்தேன். பிறகு கார்டை எடுத்து ஸ்பிரிட்டும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஃபேனையும் கழற்றி ஒவ்வொரு இறக்கையையும் துடைத்தேன். மேகலா வேலை முடிந்து வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கு பிடித்தாள். கஸ்தூரி பழைய கொசுவலையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார், அதை முன்பக்கத்தில் ஒட்டினோம். வெள்ளிக்கிழமை அந்த வலையைக் கழற்றி அலசிக் காயவைத்துவிட்டு, அதற்கப்புறம் சாம்பிராணி என்று அவரே ஏற்பாடு செய்துகொண்டார். மறுபடியும் தேவராஜை ஓட்டச் சொன்னேன், மறுபடியும் படம் பிடித்தேன்.

இரண்டையும் அவரிடம் காட்டினேன். முதல் படத்தில் கை திரும்புகிறது, பஸ் அப்புறம் திரும்புகிறது. இரண்டாவதில் இரண்டும் சேர்ந்தே திரும்புகின்றன. திரையைப் பார்க்காதீங்க, கையை மட்டும் பாருங்க என்றேன். போனை மூக்கருகே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். இரண்டிலும் கை அதே இடத்தில்தான் திரும்புகிறது.

"கை கரீட்டாதான் போயிக்கிது" என்றார்.

"என்னைக்குமே கரெக்டாத்தான் போயிருக்கு" என்றேன்.

அவர் போனை என்னிடம் நீட்டினார். மேகலாவைப் பார்த்து, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள் என்று கேட்டார். அந்தப் பெண் விளக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். அழத்தான் போனாள். நான் ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், எனக்கும் கண் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். பெட்டி கண்ணாடி மேசையில் நான் விட்ட இடத்திலேயே இருந்தது. முடிஞ்சுதா என்றார் அண்ணாச்சி. முடிஞ்சுது என்றேன். பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு மற்றவர்களிடம் கடைசிவரை பெட்டி எடுத்தாயா என்று கேட்டார். என்னிடம் கேட்டதில்லை.

பல மாதம் கழித்து ஒரு மத்தியானம் படியில் ஒரு காலடி கேட்டது. ஒன்று அழுத்தமாக, ஒன்று லேசாக, நடுவில் கம்பி கிறீச்சிடும் சத்தம். அவசரமே இல்லாமல் ஏறி வந்தது. தேவராஜ். பேன்ட், ஷூ, வியர்வை. பின்னால் கஸ்தூரி, பிடிக்கத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு, பிடிக்காமல் வந்தார்.

"கிளட்ச் வெச்ச பெடல் கீதா நைனா?" என்று அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டார். "இம்மா நாளு கியர் இல்லாம ஓட்டிக்கினு இருந்தேன். இப்ப ரெண்டு காலு கீது."

அண்ணாச்சி எழுந்து போனார். பெட்டியை எடுத்து வந்தார். கண்ணாடி மேசையில், பெடலின் படம் அவர் பக்கம் தெரியும்படி வைத்தார். ஃபேனைப் பார்த்தார்.

"படத்த பாத்து எவன் வாங்குவான், தொறந்து காட்டு" என்றார் தேவராஜ். அண்ணாச்சி திறந்தார். அந்த மேசையில் பில் போடுவதற்கு முன்னால் ஒரு பெட்டி திறக்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். தேவராஜ் பெடலைத் தரையில் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலால் கிளட்சை மிதித்தார். புது வலது காலை மெதுவாகத் தூக்கி ஆக்சிலேட்டர் மேல் வைத்து அழுத்தினார். அது இறங்கியது. விட்டார், எழும்பியது. மறுபடியும் அழுத்தினார். வாயால் எஞ்சின் சத்தம் கொடுத்தார், கஸ்தூரி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பில்லை நான் போட்டேன், ஆசையாகப் போட்டேன்.

முதலாளி மகனே, நீ அன்று அதே மேசைக்குப் பின்னால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை. அவர் காலை வைத்து அழுத்தின இடம் மேசைக்கு முன்னால், படியேறி வந்ததும் இடது பக்கம். இதுதான் நான் பார்த்த கேம். அங்கே போய் நின்றுகொண்டு இப்போது சிரி, பார்க்கலாம்.